நடராசன் நம்ம வீட்டுப் பிள்ளை
(மொழிப்போர் தியாகிகள் வீரவணக்க நாளையொட்டி மயிலாப்பூர் மாங்கொல்லையில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒவ்வொரு ஜனவரி 25-ம் படத்துக்கு மாலை போடுறோம், முழக்கம் போடுறோம். அந்தப் படத்தில் இருக்கிறவர் தியாகி ஆவதற்கு முன்னால் ஒரு வீட்டுப் பிள்ளை. இன்னைக்கு நான் அந்தப் பிள்ளையைப் பத்திப் பேசுறேன்.

1938 ஏப்ரலில் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. இங்கே பக்கத்தில் தியாகராய நகரில், அவர் வீட்டு வாசலிலேயே போராட்டம் நடந்தது. பள்ளிக்கூட வாசல்களில் மறியல். மொத்தம் 1,198 பேர் கைது. கைக்குழந்தையோட சிறைக்குப் போன தாய்மார்களும் அதில் உண்டு.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் நடராசன். வடசென்னைப் பிள்ளை. ஒடுக்கப்பட்ட மக்களில் பிறந்தவர். அப்பா லட்சுமணனுக்கு ஒரே மகன். கல்யாணம்கூட ஆகல. 1938 டிசம்பரில் கைதானார். சிறையில் உடம்பு கெட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்தார். 'மன்னிப்புக் கேள், விட்டுடறோம்'னு சொன்னாங்க. அவர் கேட்கல. 1939 ஜனவரி 15, பொங்கல் நேரம், உயிர் போச்சு.

தாய்மார்களே, ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஊரெல்லாம் பொங்கல். ஒரு வீட்டில் மட்டும் ஒத்தப் பிள்ளையோட உடம்பு வருது. அந்த அப்பனுக்கு நாம் என்ன ஆறுதல் சொல்லிட முடியும்? நடராசன் இறுதி ஊர்வலத்தில் சென்னையே திரண்டது. இடுகாட்டில் அண்ணா பேசினார். பெத்தவங்க மட்டும் சுமக்க வேண்டிய துக்கத்தை அன்னைக்கு ஊரே தோளில் வாங்கிக்கிட்டது.

ரெண்டு மாசம்கூட ஆகல. மார்ச்சில் கும்பகோணத்துத் தாளமுத்துவும் சிறைவாசத்திலேயே உயிர் விட்டார். அவர் மனைவி குருவம்மாள் தனியானார். ரெண்டு பேரும் இன்னைக்கு மூலக்கொத்தளம் மண்ணில் உறங்குறாங்க. அடுத்த ஆண்டு, 1940 பிப்ரவரி 21 அன்று, கட்டாய இந்தி திரும்பப் பெறப்பட்டது. நடராசன் அதைப் பார்க்க இல்லை.

அந்தப் பிள்ளைகளை நாம் எப்படி நினைவில் வெச்சிருக்கோம்? எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை இருக்கு. நாம் என்ன சொல்றோம்? 'சி.எம்.டி.ஏ. ஆபீஸ்'. மாம்பலத்தில் அரங்கநாதன் சுரங்கப்பாதை இருக்கு. மழை பெஞ்சு தண்ணி தேங்கினாதான் அந்தப் பேர் டிவியில் வருது. விருகம்பாக்கம் அரங்கநாதன் 1965 ஜனவரி 27-ல் மொழிக்காக உயிர் கொடுத்தவர். அதற்கு முந்தின நாள் கோடம்பாக்கம் சிவலிங்கம். ரெண்டு பேரும் நமக்குப் பக்கத்துப் பேட்டைக்காரங்க.

இங்கே வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அவர்களை வணங்குவோம். ஆனா அந்த வழியில் இனி ஒரு உயிரும் போகக் கூடாது. மாலை போட்ட படமா ஒரு பிள்ளை சுவரில் தொங்குறதுல எந்த இயக்கத்துக்கும் லாபம் கிடையாது. நீங்க படிக்கணும், எழுதணும், வழக்காடணும், தெருவில் நின்னு கேள்வி கேட்கணும். 1968 ஜனவரி 23-ல் இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றத்தில் தீர்மானமாகக் கொண்டு வந்தது மக்கள் போட்ட ஓட்டு. உயிரோட இருக்கிறவன்தான் ஓட்டுப் போட முடியும்.

அதனால மூணு வேலை கேட்கிறேன். அடுத்த தடவை ஆட்டோ ஏறும்போது 'தாளமுத்து நடராசன் மாளிகை'ன்னு முழுப் பேரும் சொல்லுங்க. பிள்ளைகளை ஒரு தடவை மூலக்கொத்தளம் கூட்டிட்டுப் போங்க, அங்கே யார் இருக்காங்கன்னு சொல்லிக் கொடுங்க. வீட்டில் பிள்ளை தமிழில் ஒரு பக்கம் தப்பில்லாம எழுதுதான்னு பாருங்க. எழுதலைன்னா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க.

லட்சுமணனுக்கு ஒரு பிள்ளைதான். அந்தப் பிள்ளையை நமக்காகக் கொடுத்துட்டார். அவர் பேரை மறக்காம இருக்கிறது நம்ம கடமை.

மொழிப்போர் ஈகியர்க்கு வீரவணக்கம்!
தமிழ் வாழ்க!

#மொழிப்போர்_தியாகிகள் #வீரவணக்கம்