கன்றுக் கழிச்சலும் கண்ணேறும்

(கோட்டுச்சேரிமேட்டில் பேசியதன் சாரம்)



கடவுளைப் பற்றிப் பேசுவோம் என்று வந்திருப்பீர்கள். நாம் இன்று மாட்டுக் கொட்டகையைப் பற்றியே பேசப்போகிறோம். நெல் பொய்த்த வருஷத்தில் பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றுவது ஒரு கறவை மாடுதான். அது ஈன்ற கன்று பத்து நாளில் மஞ்சளாய், தண்ணீராய்க் கழிந்து செத்துப்போகிறது. உடனே கண்ணேறு என்கிறோம். பூசாரி கயிறு மந்திரித்துத் தருகிறார். கயிற்றுக்குக் காசும் போகிறது, கன்றும் போகிறது.

1969-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில், மீபஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கழிச்சல் கண்ட கன்றுகளிடம் ஒரு வைரஸைக் கண்டார்கள். சக்கரம்போல் தோன்றியதால் பின்னால் அதற்கு ரோட்டா வைரஸ் என்று பெயர் வந்தது. குடலின் உட்சுவரை அது அரித்துவிடுவதால், குடித்த பால் உடம்பில் ஒட்டாமல் நீராய் வெளியேறுகிறது. 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப் அம்மையாரும் அவரது கூட்டாளிகளும் இதே இனத்து வைரஸை மனிதக் குழந்தைகளிடத்தும் கண்டார்கள். பசு தெய்வம், மனிதன் வேறு என்கிற வித்தியாசம் அதற்குத் தெரியவில்லை போலும்!

நிற்க. இதைத் தாங்கும் சக்தி கன்றுக்கு எங்கிருந்து வருகிறது? மனிதக் குழந்தை தாய் வயிற்றிலேயே அதை ஓரளவு பெற்றுவிடுகிறது. கன்றுக்குச் சீம்பால் ஒன்றே வழி. முதல் சில மணி நேரத்தில்தான் குடல் அதை நன்றாய் ஏற்கும். ஒரு நாள் கழிந்தால் கதவு சாத்தினது போலத்தான். இப்படியிருக்க, நாம் செய்வதென்ன? கொடி விழும்வரை கன்றை ஊட்டவிடாமல் கட்டிவைக்கிறோம். கொடி விழ எட்டு மணி நேரமும் ஆகும், பத்து மணி நேரமும் ஆகும். பிறகு சீம்பாலைக் கறந்து, வெல்லமிட்டு அவித்து, அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைக்கிறோம். கன்றின் சொத்தைத் தின்றுவிட்டு, அடுத்த வீட்டுக்காரியின் கண்ணைக் குறை சொல்லுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

ஈன்ற அரை மணியில் ஊட்டவிடுங்கள். கன்று முட்டி ஊட்டுவதே கொடி விழவும் உதவும். 20 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2 லிட்டராவது போகட்டும்.

கழிச்சல் கண்டபின் கன்றைக் கொல்லுவது, உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுவதுதான். 1971-இல் வங்காள அகதிகள் குவிந்திருந்த போங்காவ் என்னுமிடத்தில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலராக்காரர்களுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான பேரைப் பிழைக்க வைத்தார். கன்றுக்கும் அதே வழிதான். பாலை நிறுத்தாமல், இடையிடையே கால்நடை ஆஸ்பத்திரியில் சொல்லும் தூளைக் கரைத்துக் கொடுங்கள். கண் குழிந்து, எழ வலுவில்லாமல் படுத்துவிட்ட கன்றின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிச் சாகும். அதற்கு மருத்துவர்தான் ரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்றவேண்டும்.

கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டாவிட்டால் பால் வற்றுமா என்று ஒரு தாயார் சீட்டெழுதிக் கேட்டிருக்கிறார். வற்றாது, அம்மா. நாய் இழுக்காதபடி குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.