ரிவருக்கு டிரைவர் பொருந்துமா?

(டிசம்பர் மாதக் கூட்டம் முடிந்ததும் நம் சமுதாயக் கூடத்தில் பி பிளாக் குடியிருப்பாளர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் மோட்டார், பராமரிப்புக் கட்டணம், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்து நீங்கள் களைத்திருக்கும் நேரத்தில் செயலாளர் என் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறார். இருபது நிமிடம் தந்திருக்கிறார். பின்வரிசையில் பிள்ளைகள் முறுக்கு தீரும் வரைதான் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பாப்பா, ஆறாவது படிக்கிறாள், நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பென்னிகுவிக் பிறந்த நாளுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டுமாம். முதல் வரி ‘ரிவர்’ என்று முடிந்தது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895-லிருந்து மலையைக் குடைந்து நம் பக்கம் வருகிறது, அதனால் ரிவர் இல்லாமல் எழுத முடியாது. இரண்டாம் வரியை ‘டிரைவர்’ என்று முடித்திருந்தாள். பென்னிகுவிக் நம் பள்ளத்தாக்கை ஓட்டிச் சென்ற டிரைவர் என்று பொருள். கற்பனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது இரண்டு வரியும் ஒட்டவில்லை. சொன்னேன். அவள் விடவில்லை. “எழுத்து அப்படியே இருக்கே தாத்தா? ரிவருக்கு முன்னாடி ஒரு ‘டி’ போட்டா டிரைவர்!”

அவள் சொன்னது உண்மைதான். எனக்கே அதுவரை தோன்றியதில்லை. எழுத்தில் ‘டி’யைத் தவிர வேறு வித்தியாசமே இல்லை. வாயில் சொன்னால் ஒன்று ‘ரி’, இன்னொன்று ‘ரை’. டைவருக்கும் இதே கதைதான். இப்படிக் கண்ணுக்கு ஒட்டி, காதுக்கு ஒட்டாமல் போகும் ஜோடிகள் ஆங்கிலத்தில் ஏராளம். அந்த மொழி பல நூற்றாண்டுகளாக உச்சரிப்பை மாற்றிக்கொண்டே போனது, எழுத்துக்கூட்டல் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1986-ல் உத்தமபாளையம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தேர்வில் ‘வன்’ என்ற சொல்லுக்கு, அதாவது எண் ஒன்றுக்கு, ஓசை ஒத்த சொல் கேட்டிருந்தேன். ஒரு பெண் ‘பன்’ என்று எழுதியிருந்தாள், டீக்கடையில் விற்கும் பன். நான் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டுப் பக்கத்தில் ‘போன்’ என்று எழுதினேன். எலும்பு. ஓ, என், இ என்று முடிகிறதே, அந்தத் தைரியம். அந்தப் பெண் எழுந்து, “வன்னும் பன்னும் காதுக்கு ஒண்ணாத்தானே சார் இருக்கு?” என்றாள். உட்கார் என்று சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். அந்த வருடம் முழுக்க அதன் பிறகு கை தூக்கவில்லை.

நான் தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்தைப் புத்தகத்தில் பார்த்துக் கற்றவன். கேட்டுக் கற்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஒரு பயிற்சி வகுப்பில் உச்சரிப்புக் குறிகளைச் சொல்லிக்கொடுத்தபோதுதான் என் தவறு தெரிந்தது. அதற்குள் அந்தப் பெண் பள்ளியை விட்டுப் போயிருந்தாள்.

சரி, முறைக்கு வருவோம். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு முழுப் பொருத்தம் எப்படித் தேடுவது? சொல்லில் எந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறோமோ, அந்த உயிரெழுத்திலிருந்து கடைசி வரை ஓசை அப்படியே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள மெய் மாற வேண்டும். ரிவரில் அழுத்தம் ‘ரி’யில். ‘ர்’ஐ எடுத்துவிட்டால் மிச்சம் ‘இவர்’. இந்த இவருக்கு முன்னால் ஒவ்வொரு மெய்யாக ஒட்டிப் பாருங்கள். கிவர், அதாவது கொடுப்பவர். லிவர். ஷிவர். இரண்டு மெய்யும் சேர்ந்து வரலாம்: ஸ்லிவர். நீளமான சொல்லும் வரலாம்: டெலிவர். அதில் அழுத்தம் ‘லி’யில் விழுகிறது, அதனால் பொருந்துகிறது. ஃபீவர் வராது. குறில் நெடிலாகிவிட்டது.

குறில் நெடில் என்றதும் தமிழாசிரியர்கள் நிமிர்கிறீர்கள். ஆமாம், நம் எதுகையிலும் இதே கட்டுப்பாடுதான். இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். சுருளிக்கு அருவி எதுகை. முல்லைக்கு எல்லை எதுகை. பட்டுக்குப் பாட்டு எதுகை ஆகாது. ஆங்கிலத்தில் இந்தப் பொருத்தம் வரியின் கடைசியில் வருகிறது, தமிழில் பெரும்பாலும் தொடக்கத்தில் வருகிறது. கடைசியில் வந்தால் நமக்கு அது இயைபு. கூடலூர், சின்னமனூர், போடிநாயக்கனூர் என்று பஸ் கண்டக்டர் கூப்பிடும்போது கேட்பது அதுதான்.

அடுத்தது கிட்டப் பொருத்தம். எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் அமையாவிட்டாலும் ஏழு எட்டு இருந்தால் கல்யாணம் நடக்கிறதல்லவா? ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாப்பருங்கலக்காரிகை எழுதிய அமிதசாகரர் இதற்கும் இடம் வைத்திருக்கிறார். இன எதுகை என்று பெயர். இரண்டாம் எழுத்து அதே எழுத்தாக இல்லாவிட்டாலும் அதே இனமாக இருந்தால் போதும். வல்லினத்துக்கு வல்லினம், மெல்லினத்துக்கு மெல்லினம். தேனிக்கு ஏணி. அன்புக்கு அம்பு.

இதை அப்படியே ஆங்கிலத்துக்கு எடுத்துப் போங்கள். ‘டைம்’ என்பதற்கு ‘லைன்’. ம், ன் இரண்டும் மூக்கொலி. ‘கிரேப்’ என்ற சொல்லை எடுங்கள். 2023-ல் நம் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கும் ஒரு பாட்டு வேண்டுமே. முழுப் பொருத்தம்: ஷேப், டேப், எஸ்கேப். கிட்டப் பொருத்தம்: லேக், கேட். ப், க், ட் மூன்றுமே வல்லினம். ஆங்கிலப் பாடல்களில் இப்படிக் காதுக்குச் சுகமாக இருக்கும் பல ஜோடிகளை அமிதசாகரரின் இந்தக் கணக்கை வைத்தே பிரித்துப் பார்க்கலாம்.

சரி, டிரைவர்? உயிர் மாறிவிட்டது, பின்னால் உள்ள மெய் மாறவில்லை. அதுவும் ஒரு தூரத்துச் சொந்தம்தான். முதல் உலகப் போரில் இறந்த வில்ஃப்ரட் ஓவன் என்ற இங்கிலாந்துக் கவிஞர் மெய்யை வைத்து உயிரை மட்டும் மாற்றும் ஜோடிகளை வேண்டுமென்றே பயன்படுத்தினார். போரின் நிம்மதியின்மையைக் காட்ட அந்த ஒட்டாத ஓசை அவருக்குத் தேவைப்பட்டது. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனும் கிட்டப் பொருத்தத்தில்தான் வாழ்ந்தவர். அவர் இறந்த பின் 1890-ல் கவிதைகளை அச்சிட்டவர்கள் சில இடங்களில் அதைத் ‘திருத்தி’யே போட்டார்கள். சிவப்பு மை என் ஒருவனிடம் மட்டும் இருந்ததில்லை.

இப்போது செல்போனில் ஒரு சொல்லைத் தட்டினால் ஒத்த சொற்கள் பட்டியலாக வந்து விழுகின்றன. பாப்பாவின் அம்மாவும் தட்டிப் பார்த்தார். பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் பட்டியல் அமெரிக்க உச்சரிப்பில் இருக்கலாம். நாம் சொல்லும் ‘கிளார்க்’ பார்க்கோடு பொருந்தும். அமெரிக்கர் வாயில் அது ‘கிளர்க்’, வொர்க்கோடு பொருந்தும். இன்னொரு பொறி நம் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. டேம் என்று எழுதுகிறோம், ஜாம் என்று எழுதுகிறோம். இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே ஓசை, முழுப் பொருத்தம். நாம் எழுதும் விதத்தில் பிரிந்துவிடுகின்றன.

இந்தப் பட்டியல் வேலை புதிதும் அல்ல. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-ல் முடித்த சதுரகராதியின் நான்காம் பாகம் தொடை அகராதி. பாட்டு எழுதுகிறவர் எதுகை தேடிப் புரட்டுவதற்கென்றே செய்தது. ஆங்கிலத்தில் ஜான் வாக்கர் என்பவரின் பெயர்பெற்ற அகராதி 1775-ல் வந்தது. அதில் சொற்கள் கடைசி எழுத்திலிருந்து அடுக்கப்பட்டவை. அப்படி அடுக்கினால் ரிவரும் டிரைவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காரும்! வாக்கருக்கும் அந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. ஓசைப்படி ஒத்துக்கொள்ளத்தக்க சொற்களுக்குப் பின்னால் தனி அட்டவணை சேர்த்திருக்கிறார்.

பாப்பா என்ன எழுதினாள் என்று கேட்பீர்கள். பட்டியலில் லிவரைப் பார்த்து அவள் தம்பி, “பென்னிகுவிக்குக்கு ஈரல் வறுவலா?” என்று உருண்டு உருண்டு சிரித்தான். குவிவர் என்ற சொல்லின் பொருள் அவளுக்குத் தெரியாது, அதனால் வேண்டாம் என்றேன். கடைசியில் கிவரைத் தேர்ந்தெடுத்தாள். ரிவர், கிவர். நதியும் கொடுத்தவரும். டிரைவரை விட மனமில்லாமல் நான்காம் வரியில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் வரி ‘நெவர்’ என்று முடிவதால் அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தமாக நிற்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எது முழுசு, எது கிட்ட என்று இப்போது அவளே சொல்கிறாள்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. ஜனவரி 15 மாலை இதே கூடத்தில் பிள்ளைகள் தாங்கள் எழுதியதைச் சொல்லப் போகிறார்கள். தமிழோ ஆங்கிலமோ, அவர்கள் விருப்பம். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: எழுதிய தாளை நடுவர்களிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும், நாங்கள் முதலில் காதால் கேட்கிறோம். நடுவர்களில் நானும் ஒருவன். அன்றைக்குப் பேனா கொண்டுவரப் போவதில்லை.