சிடி ஸ்கேன் நார்மல், தலை மட்டும் இன்னும் சரியாகல

2020 டிசம்பர் 4, கான்பெரா டி20 மேட்ச். சேலத்துக்காரங்களுக்கு அது சின்னப்பம்பட்டி நடராஜனோட மேட்ச். முதல் டி20-யிலயே 3 விக்கெட். நான் பேச வந்தது அதே மேட்ச்ல நடந்த இன்னொரு விஷயம். கடைசி ஓவர்ல ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜா ஹெல்மெட்ல பட்டுச்சு. அவர் நின்னு ஆடி 44 நாட் அவுட். அப்புறம் கன்கஷன், அதாவது மூளை அதிர்வுன்னு சொல்லி அவருக்குப் பதிலா சாஹலை இறக்கினாங்க. ஆஸ்திரேலியா கோச் லேங்கர் ரெஃப்ரீகிட்ட வாக்குவாதமே பண்ணார். டிவியில பார்த்த பல பேருக்கும் அதே சந்தேகம்தான்: நல்லாத்தானே அடிச்சாரு?

என்னையும் அப்படித்தான் கேட்டாங்க. போன வருஷம் மேச்சேரி-மேட்டூர் ரோட்ல நாய் குறுக்க வந்து பைக் சறுக்கிடுச்சு. ஹெல்மெட் போட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில சிடி எடுத்தாங்க, நார்மல். மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. ஆறு வாரம் கழிச்சும் தலைவலி விடல. படுக்கையில புரண்டா ரூமே சுத்துது. டியூப்லைட் கண்ணைக் குத்துது. இருபது வரி கோடு படிச்சா முதல் வரி மறந்துபோகுது. அம்மா பத்ரகாளியம்மன் கோயில் கயிறு மந்திரிச்சுக் கட்டினாங்க. அப்பாவுக்கு வேற கவலை: "நரம்பு டாக்டர்கிட்ட போனா ஊர்ல என்ன சாமி பேசுவாங்க? பொண்ணு பாக்குற நேரத்துல..."

சிடி எதைத் தேடுதுன்னு யாரும் விளக்கினதில்ல. ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, வீக்கம் இருக்கான்னு பார்க்கத்தான் அது. கன்கஷன்ல மூளை வேலை செய்யற விதம் பாதிக்கும். அது பெரும்பாலும் படத்துல தெரியாது. சர்வர் ஓடுது, லாக்ல எரர் இல்ல, ஆனா ரெஸ்பான்ஸ் மட்டும் இழுக்குது. அந்தக் கதைதான். நிறைய பேருக்கு சில வாரத்துல தானா சரியாகிடும். ஒரு மாசம் தாண்டியும் இருந்தா நியூராலஜிஸ்ட்டைப் பார்க்கணும். நியூரோசர்ஜன் வேற, அவர் ஆபரேஷன் செய்யறவர். எங்க ஊர்க்காரங்களுக்கு சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை இருக்கு. தொப்பூர் வழியா பெங்களூரு நிம்ஹான்ஸும் போகலாம்.

நான் கையில ஒரு ஷீட் கொண்டுபோனேன்: எந்த நாள், எத்தனை மணி, என்ன பண்ணும்போது வலி, எவ்வளவு தூக்கம், என்ன மாத்திரை. டாக்டர் முதல்ல பார்த்தது மாத்திரை காலத்தைத்தான். சாதாரண வலி மாத்திரையைக்கூட மாசத்துல 15 நாள், அதுக்கு மேல தொடர்ந்து போட்டா அதுவே தலைவலியைக் கொண்டுவருமாம். அப்புறம் விரலைக் கண்ணால தொடரச் சொன்னார், குதிகால் விரல்ல பட ஒரே கோட்டுல நடக்கச் சொன்னார். கடைசியா தலையை ஒரு பக்கம் திருப்பி சட்டுனு படுக்க வெச்சார். ரூம் சுத்துச்சு! அவர் சிரிச்சுட்டே, "இது மூளை இல்லப்பா, காது"ன்னார். அடிபட்டதுல உள்காதுல இருக்கற நுண்ணிய கற்கள் இடம் மாறியிருக்கு. தலையை வரிசையா நாலு பக்கம் திருப்பி வெச்சார், அவ்வளவுதான். ரெண்டு தடவையில கிறுகிறுப்பு போயிடுச்சு. ஆறு வாரமா பயந்தது இதுக்கா!

தலைவலியும் மறதியும் அப்படிப் போகல, மாசக்கணக்குல மெல்லத்தான் குறைஞ்சுது. இருட்டு ரூம்ல வாரக்கணக்கா படுத்திருக்கச் சொல்ற பழைய வைத்தியம் இப்ப இல்ல. முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவா நடை. 2022 ஆம்ஸ்டர்டாம் கன்கஷன் மாநாட்டு நிபுணர்களும் இதைத்தான் சொல்றாங்க. நான் ஏரிக்கரையில காலையில இருபது நிமிஷம் நடந்தேன்.

ஒண்ணு மட்டும் காத்திருக்கற விஷயமே இல்ல: அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கிட்டே போற தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம். உடனே 108.

ஆபீஸ்ல "ரிப்போர்ட் நார்மல்தானே, லீவு எதுக்கு?"ன்னு கேட்டிருந்தாங்க. டாக்டர் கிட்டயே கேட்டேன். "ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஸ்கிரீன், மணிக்கொரு தடவை இடைவெளி, வாராவாரம் கூட்டலாம்"னு லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுத்தார். ஹெச்ஆர் அதுக்கப்புறம் ஸ்கேனைப் பத்திக் கேக்கல. அப்பா அந்த லெட்டரை ரெண்டு தடவை படிச்சுட்டு, "அடுத்த செக்கப் எப்ப சாமி, நானும் வரேன்"னார்.