கூலிப் பணம் காத்திருக்கும் இடம்
(விழா மேடையில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்குப் பணச் சந்தையில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பொறுப்பில் இருக்கிறார். ஏற்றுமதித் தொகை வந்து சேர்ந்ததும், சனிக்கிழமைக் கூலிக்கும் நூல் கடைக்கும் சாயப்பட்டறைக்கும் உரிய பணம் நடப்புக் கணக்கில் வட்டியின்றிக் கிடக்கிறது. வங்கி வைப்பில் இடுவதாயின் குறைந்தது ஏழு நாள் வேண்டும். "கூடுதலாகத் தரும் ஃபண்டில் போடு என்கிறார் முதலாளி, என்ன செய்யட்டும் ஐயா?" என்று அவர் கேட்டார். அதற்காகவே விதிகளைப் படிக்கலானேன்.

செபி 2017 அக்டோபரில் இவ்வகை நிதிகளை வரையறுத்தது. ஒரே நாளில் முதிரும் முதலீடுகளைக் கொண்டது ஓவர்நைட் ஃபண்டு. 91 நாள் வரை முதிர்பவற்றைக் கொண்டது லிக்விட் ஃபண்டு. ஓராண்டு வரை செல்வது மணி மார்க்கெட் ஃபண்டு. நாள் நீள நீள வருவாயும் சற்று உயரும். இடரும் உடன் உயரும்.

2018-இல் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பித் தரத் தவறியபோது, அதன் பத்திரங்களை வைத்திருந்த சில லிக்விட் ஃபண்டுகளின் மதிப்பும் சரிந்தது. அதன்பின் செபி விதிகளை இறுக்கியது. லிக்விட் ஃபண்டு தன் சொத்தில் 20 விழுக்காட்டையேனும் ரொக்கம், அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைத்திருத்தல் வேண்டும். ஏழு நாளுக்குள் வெளியேறுவோர் சிறு கட்டணம் செலுத்த வேண்டும். ஓவர்நைட் ஃபண்டுக்கு இக்கட்டண விதி இல்லை.

ஆயினும் விதி வேறு, உத்தரவாதம் வேறு. 2020 ஏப்ரல் 23 அன்று, ஊரடங்கில் நம் ஆலைகள் மூடிக்கிடந்த வேளையில், பிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை நிறுத்தியது. ஏறத்தாழ 25,000 கோடி ரூபாய் முடங்கியது. அவற்றுள் ஓவர்நைட், லிக்விட் திட்டம் எதுவும் இல்லை. சற்றே கூடுதல் வருவாய் நாடியோர் சேர்ந்த அல்ட்ரா ஷார்ட் பாண்ட் ஃபண்டு இருந்தது. பணம் பின்னர்த் தவணை தவணையாகத் திரும்பியது. ஆனால் சனிக்கிழமைக் கூலி தவணைக்குக் காத்திருக்குமா?

ஆகவே மாணவரிடம் சொன்னேன்: "தம்பி, வட்டியைப் பார்த்து நிதியைத் தேராதே, கொடுக்க வேண்டிய நாளைப் பார்த்துத் தேர்ந்தெடு. இவ்வாரக் கூலி ஓவர்நைட்டில் இருக்கட்டும். வியாழன் பிற்பகல் 3 மணிக்குள் திரும்பக் கேட்டால் வெள்ளியன்று வங்கிக்கு வந்துவிடும். வெள்ளி விடுமுறையாயின் ஒரு நாள் முந்திக்கொள். சிறு தொழில் செய்வோர்க்கு 45 நாளுக்குள் தரவேண்டிய தொகை லிக்விட்டில் இருக்கலாம். நிறுவனத்தின் சொந்தச் சேமிப்பு மட்டும் அதற்கு மேல் செல்லட்டும்."

முதலாளியும் ஒப்புக்கொண்டார். கணக்கெழுதும் இளைஞர்களே, உங்கள் ஏட்டில் உள்ள பணம் முழுவதும் நிறுவனத்தின் பணம் அன்று; அதில் ஒரு பகுதி தையல் பொறியின் முன் அமர்ந்திருப்பவர் ஏற்கெனவே ஈட்டிவிட்ட பணம். அதைக் கொண்டு இடர்ப்பட நமக்கு உரிமை இல்லை.