கரிசல் காட்டு வரப்பில் மரம்: விரும்பி வருகிறவர்களுக்கான திட்டம்

(வெம்பக்கோட்டை வட்டார விவசாயிகளிடையே ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முன் வரிசையில் இருக்கிற அண்ணாச்சி, நான் மைக்கைப் பிடிக்கும் முன்னாடியே ஒரு கேள்வி கேட்டுட்டார். "வேலிக்கருவை தானா வளருது. சில வருசத்துக்கு ஒருக்கா கரிமூட்டத்துக்கு வெட்டிக் குடுத்தா கையில காசு. நான் எதுக்குய்யா வரப்பில வேம்பும் வேங்கையும் வச்சுத் தண்ணி ஊத்தணும்?" நியாயமான கேள்வி. பதில் சொல்லாம நான் திட்டத்தை மட்டும் படிச்சிட்டுப் போனா தப்பு.

நம்ம மாவட்டத்துக்கு வருசத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து ஓடை வழியாகக் கண்மாய்க்குப் போகிறது. அந்த ஓடைக்கரை, வரத்துக்கால் ஓரம், இதெல்லாம்தான் நம்ம பக்கம் ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டிய நிலம். கருவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கண்மாய்க்குப் போய்ச் சேராது. கரை மொட்டையாகக் கிடந்தால் கரிசல் மண் கரைந்து போகும். ஆனால் ஓடையை ஒட்டிய பூமி பல இடங்களில் பட்டா நிலம். அங்கே மரம் வைக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக மனசு வைத்தால்தான் உண்டு.

மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் நிலம் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் பக்கத்தில்தான். அங்குள்ள சாம்பல் நிற அணில் கிளைக்குக் கிளை தாவிப் போகிற பிராணி. அதற்குக் காட்டு எல்லை, பட்டா எல்லை தெரியாது. தோப்பில் மரம் இடைவெளி இல்லாமல் இருந்தால் அதற்கு வழி.

இனி பணக் கணக்கு. 2021-22-இல் தொடங்கிய தமிழ்நாடு நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்றுகள் இலவசம். வரப்பில் நட்டால் ஏக்கருக்கு 50, நிலத்துக்குள் நட்டால் ஏக்கருக்கு 160. இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, உயிரோடு நிற்கிற ஒவ்வொரு கன்றுக்கும் வருசத்துக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. வரப்பு நடவில் ஐம்பதும் பிழைத்தால் வருசத்துக்கு 350 ரூபாய். நூற்றறுபதும் பிழைத்தால் 1,120. அமெரிக்காவில் 1985 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. மண் அரிக்கிற நிலத்தில் பயிர் செய்யாமல் புல்லோ மரமோ வளர்க்க 10, 15 வருச ஒப்பந்தம் போட்டு, அரசு ஆண்டு வாடகை கொடுக்கிறது. நம்முடையது வாடகை இல்லை. தண்ணி ஊத்துகிற கூலிக்கே முழுசாக் காணாது. ஒளிக்காமச் சொல்லிடறேன், இந்த 7 ரூபாய்க்காக யாரும் மரம் வைக்க வேண்டாம். ஓடைக்கரை நிற்கணும், பிள்ளைகள் காலத்தில் மரம் கைகொடுக்கணும்னு நினைக்கிறவங்க வைங்க.

"உயிரோடு நிற்கிற" என்ற சொல்லைக் கவனிக்கணும். பல வருசத்துக்கு முன்னால் என் சொந்தக் காட்டில் ஒரே வாரத்தில் நூற்றறுபது கன்று வைத்தேன். சித்திரை முடியும்போது எண்ணிப் பார்த்தேன், முப்பது இருந்தது. பாதி வெயிலில் போச்சு, மீதி ஆட்டு வாயில். அதனால் உங்களால் எத்தனைக்குக் கோடையில் குடம் தூக்க முடியுமோ, அத்தனை மட்டும் வாங்குங்க. இருபது போதும்னா இருபது. ஆட்டுக்கு, வெட்டிப் போட்ட கருவை முள்ளையே கன்றைச் சுற்றி அடைத்துவிடலாம். அந்த ஒரு வேலைக்கு அது நல்ல மரம்!

ஆள் கிடைக்கலைங்கிறது எல்லோருக்கும் உள்ள குறை. ஆனால் தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளில் கொஞ்ச நாள் வேலை ஓய்ந்திருக்கும், வீட்டு ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். மழையும் அப்போதுதான். கன்று நட அதைவிட நல்ல நாள் நமக்கு இல்லை. அதற்குள் குழி எடுத்து, பதிவும் முடிந்திருக்கணும்.

ஆலைச் சுவரை ஒட்டி நிலம் இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒன்று. அந்தப் பக்கம் வரப்பில் காய்ந்த சருகை மூடாக்காகப் போடாதீங்க. கோடையில் அது தீக்குச்சி மாதிரி. கன்று வைக்கும் முன்னால் ஆலைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை பேசிடுங்க.

பதிவு உழவன் செயலியில். முடியாதவர்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போகலாம். இந்த ஆண்டு என்னென்ன கன்று, எவ்வளவு ஒதுக்கீடு என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வருவாய்த் துறையின் இணையவழிச் சேவைத் தளத்தில் உங்கள் சிட்டாவையும் புல வரைபடத்தையும் போனிலேயே எடுத்துப் பாருங்கள். ஓடை எங்கே முடிகிறது, பட்டா எங்கே தொடங்குகிறது என்பது வரைபடத்தில் இருக்கும். ஓடைப் புறம்போக்கில் தெரியாமல் நட்டுவிட்டு அப்புறம் ஊக்கத்தொகை கேட்டால் கிடைக்காது. குழிக்குக் கண்மாய் வண்டல் வேணும்னா, வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுக்கலாம். அதற்கும் இணையத்திலேயே விண்ணப்பம்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வெட்டுகிற காலத்து விதியையும் கேட்டு வையுங்கள். சந்தனம், செம்மரம் போன்றவற்றுக்கு வனத்துறை நடைமுறை உண்டு. பனை வைத்தால் பின்னால் வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை. வேம்பு, புங்கம் நம்ம கரிசலுக்குப் பழகியவை.

அண்ணாச்சி, உங்க கேள்விக்கு வர்றேன். கருவையை மொத்தமா இந்த வருசமே அழிங்கன்னு நான் சொல்லலை. ஓடை ஓரத்து ஒரு வரப்பில் மட்டும் தூரோடு எடுத்துட்டு, இருபது கன்று வைங்க. மீதிக் காட்டில் கரிமூட்டக் காசு வரட்டும்.

பின்னால் மேசையில் உதவி வேளாண்மை அலுவலர் இருக்கார். சிட்டா நகலும் போனும் கொண்டுவந்தவங்க இங்கேயே பதிந்துவிட்டுப் போகலாம்.