மலை ஏற அரசாணை போட்டது யார்?

   

எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார்: "பள்ளிக்கூடத்து வாத்தியார் எதுக்கய்யா ஆராய்ச்சி பண்றார்? ஊக்க ஊதியம் கிடைக்கும்னுதான் பண்றார்!" நீங்களும் கை தட்டினீங்க. நான் மறுக்கலீங்க. அதற்காகவே எம்.ஃபில். முடித்தவர்கள் உண்டு. அந்த ஆய்வேடுகளைத் திருத்திய பாவி நான்! ஒன்றைப் படித்தால் ஒன்பதைப் படித்த மாதிரி. அட்டையில் பெயர் மட்டும் மாறும். (சிரிப்பு) வீட்டுக் கடன் கட்டுகிற மனுஷனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதை ஆராய்ச்சி என்று சொல்லவும் மனசு வரவில்லை.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் அறச்சலூர். அங்கே நாகமலைக் குகையில் ஒரு பழைய கல்வெட்டு. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. எல்லாம் த, தை, தா என்று தாளக்கட்டு! இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றுபோலவே வரும். எழுத்தைக் கோத்தவன் தேவன் சாத்தன் என்று பக்கத்திலேயே வெட்டியிருக்கிறான். 1960-களின் தொடக்கத்தில் அதை உலகத்துக்குக் காட்டியவர் யாருங்க? ஈரோட்டுத் தமிழாசிரியர் புலவர் செ. இராசு! மலை ஏறச் சொல்லி அவருக்கு எந்த அரசாணை வந்தது? (கைதட்டல்)

"அவர் பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனாரே" என்பார்கள். ஆனார். மலை முதலில், பதவி பிறகு. சரி, கடைசிவரை பள்ளி ஆசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றவரைச் சொல்லட்டுமா? மயிலை சீனி. வேங்கடசாமி. சென்னையில் நகராட்சிப் பள்ளி ஆசிரியர். வேலையில் இருந்தபடியே 1940-இல் 'பௌத்தமும் தமிழும்' எழுதினார். ஓய்வுக்குப் பின் 1974-இல் நம்ம கொங்கு நாட்டுக்கே வரலாறு எழுதினார். அதில் அறச்சலூர்க் கல்வெட்டும் வருகிறது. இரண்டு பள்ளி வாத்தியார்கள் ஒரே பாறையில் வந்து நிற்கிறார்கள், நடுவர் அவர்களே!

தலைமையாசிரியருக்கு ஏது நேரம் என்றார் எதிரணி அம்மையார். இதே கோவையில் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் தலைமையாசிரியராக இருந்தவர்தான் பெரியசாமித் தூரன். பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர். நாட்டுப் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தவர்.

பழங்கதை போதும். 2020 மார்ச்சில் அந்த ஊக்க ஊதிய உயர்வையே அரசு ரத்து செய்துவிட்டது. 2022-இல் எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. எதிரணி சொல்வது சரியென்றால் என் வீட்டுக் கதவை இன்று எந்த ஆசிரியரும் தட்டக் கூடாது.

தட்டுகிறார்களே! திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. பனியன் கம்பெனிக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பெண் குழந்தை, மூன்றாம் வகுப்பு. "டீச்சர், பஸ் வந்தா!" என்றதாம். வகுப்பே சிரித்தது. 'படிப்பில் மந்தம்' என்று முந்தைய வருஷமே யாரோ குறித்துவிட்டார்கள். இந்த அம்மா சிரிக்கவில்லை. விசாரித்தார். இந்தியில் பஸ் பெண்பாலாம்! தமிழில் அது அஃறிணை, பஸ் வந்தது. குழந்தை தாய்மொழி இலக்கணத்தைக் கொஞ்சமும் பிசகாமல் இங்கே கொண்டு வந்திருக்கிறது! அது மந்தமா? தொல்காப்பியர் இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருப்பார். (கைதட்டல்)

அன்றிலிருந்து அந்த அம்மா எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று எழுதி வைக்கிறார். தேர்தல் வேலை, புள்ளிவிவரப் படிவம், சத்துணவுக் கணக்கு எல்லாம் முடித்து இரவில் எழுதுகிறார். இதற்கு ஒரு பைசா கூடுதல் கிடையாது. அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே இருந்த 'மந்தம்' போய்விட்டது.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கிறேன். போன வாரம் வந்திருந்தார். பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யத் துறை அனுமதி கேட்டிருந்தாரே, என்ன ஆச்சு என்றேன். "இன்னும் வரலீங்க ஐயா. மூணாவது நோட்டும் தீர்ந்து போச்சு, வர்ற வழியில நாலாவது வாங்கிட்டேன்" என்றார்.