பிள்ளையின் உழைப்பை அடகு வைத்தல்



கடன் கேட்டு வருகிறவன் எதை ஈடாகக் காட்டுகிறான் என்பது சங்கத்தார் அடிக்கடி பார்க்கும் விஷயம். நிலம், நகை, விளைந்த பயிர், இரண்டு பேர் ஜாமீன் ஆகியவை பழகிய ஈடுகள். இவற்றில் ஒன்றுமில்லாத ஏழைக்குப் பணமுடை நேர்ந்தால், பீடிப் பட்டறைக்காரனிடமோ தறி முதலாளியிடமோ சென்று, எட்டு வயதுப் பிள்ளையை வேலைக்கு விட்டு முன்பணம் வாங்கி வருவதுண்டு. இதற்குப் பெரும்பாலும் பத்திரம் இராது, வாய்ச்சொல்லே பத்திரம். யாருடைய உழைப்பு ஈடாகிறதோ அந்தப் பிள்ளையின் சம்மதத்தைக் கேட்பார் ஒருவருமில்லை.

விட்லி என்பவர் தலைமையில் 1929ஆம் வருஷம் நியமிக்கப்பட்ட தொழிலாளர் ராயல் கமிஷன், 1931இல் வெளியிட்ட அறிக்கையில் இவ்வழக்கத்தைக் கண்டித்தது. ஐந்து வயதுக் குழந்தைகளும் சில பட்டறைகளில் போதிய உணவு இடைவேளையும் வார ஓய்வும் இன்றி நாளொன்றுக்கு 10, 12 மணி நேரம் உழைத்தனர் என்றும், மிகச் சிறியவர்களின் கூலி 2 அணா அளவுக்குத் தாழ்ந்திருந்தது என்றும் அது எழுதியது. அமிர்தசரஸில் கம்பளம் நெய்யும் இடங்களிலும், சென்னையில் பீடி சுற்றும் இடங்களிலும் பெற்றோர் முன்பணம் பெற்றுப் பிள்ளைகளை ஒப்படைத்திருந்தனர்.

அதன் பயனாக 1933இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. எழுத்து மூலமாயினும் வாய்மொழியாயினும், பணமோ வேறு ஆதாயமோ பெற்றுக்கொண்டு 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பைப் பிறருக்கு ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்று அச்சட்டம் விதித்தது. அடகு வைத்த தகப்பனுக்கு 50 ரூபாய் வரை அபராதம். அடகு பிடித்தவனுக்கும், அடகை அறிந்தே வேலை வாங்கினவனுக்கும் 200 ரூபாய் வரை. நியாயமான கூலி தவிர வேறு ஆதாயம் இல்லாததும், பிள்ளைக்குக் கெடுதல் செய்யாததும், ஒரு வார நோட்டீஸில் முடித்துக்கொள்ளக் கூடியதுமான ஏற்பாட்டைச் சட்டம் அடகாகக் கருதவில்லை.

சட்டத்தின் கருத்து நேரானதே. தகப்பனுக்கு மகன் சொந்தமாயினும் சொத்தாக மாட்டான் என்பதே அது. ஆயினும் அதன் அமலில் ஒரு பெரிய குறை இருந்தது. அடகு நடந்ததை அறிந்தவர் இருவர்: கொடுத்தவனும் வாங்கினவனும். இருவருக்குமே தண்டனை என்றால் பிராது கொடுப்பவர் யார்? பிள்ளைக்கோ கச்சேரியின் வாசலும் தெரியாது. 1938இல் வந்த மற்றொரு சட்டம் பீடி, கம்பளம் முதலிய பட்டறைகளில் 12 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. குடும்பத்தாரை மட்டும் வைத்துக்கொண்டு நடத்தும் தொழிலுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கின் வழியே ஊரார் பிள்ளையையும் உறவினன் என்று சொல்லி நுழைத்துவிடலாம்.

இக்கடன் தீராமலிருக்கும் சூட்சுமத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த அங்கத்தினர் எளிதில் உணர்வர். சங்கக் கடனில் கட்டும் தவணை அசலைக் குறைக்கிறது. அடகுப் பிள்ளையின் உழைப்போ பல இடங்களில் வட்டிக்கே சரியாகிவிடுகிறது. அசல் அப்படியே நிற்கும். காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி கிடையாது. கழித்த பீடிக்குப் பிடித்தம் உண்டு. தீபாவளிக்குத் தகப்பன் மேலும் வாங்கும் கைமாற்று அசலோடு சேர்கிறது. அண்ணன் வளர்ந்து வெளியேறினால் தம்பி அவ்விடத்தில் உட்காருகிறான். இதை வேலை என்று சொல்வதைவிட மீட்க முடியாத அடமானம் என்பதே பொருந்தும்.

நாடு சுதந்திரமடைந்த பின் சர்க்காரின் கடமை விரிந்தது. 1950இல் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பையும், 24ஆவது பிரிவு 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் அபாயமான வேலையிலும் வைப்பதையும் தடுத்தன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறிய பிறகே கடன்காரனின் பிடி உண்மையில் தளர்ந்தது எனலாம். அச்சட்டப்படி அத்தகைய கடன் அறவே ஒழிந்துபோகும். ஒழிந்த கடனுக்குப் பணம் வாங்குவதும் குற்றம். கொத்தடிமை வேலை வாங்கினவனுக்கு 3 வருஷம் வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அது கொத்தடிமைக் கடனன்று என்று நிரூபிக்கும் பாரம் கடன் கொடுத்தவன் மேலதே.

சிவகாசித் தீப்பெட்டித் தொழிலைப் பற்றிய வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டவிரோதமாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்றும், குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்குச் சர்க்கார் வேலை தேடித்தர வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டுமென்றும் தீர்ப்பளித்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை அத்தொகையின் வட்டி குடும்பத்துக்கு. பிள்ளையை மீட்டுவிட்டுக் குடும்பத்தைப் பட்டினி போடக்கூடாது என்ற விவேகம் அதில் இருக்கிறது. 2016ஆம் வருஷத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடுத்தது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 1938இன் ஓட்டையை ஓரளவு மறுபடியும் திறந்து வைத்தது வருந்தத்தக்கதே.

இவ்விஷயத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். 1976ஆம் வருஷச் சட்டமே அதற்கு விடை கூறுகிறது. ஜில்லாவிலும் கோட்டத்திலும் அமையும் கண்காணிப்புக் கமிட்டியின் வேலைகளுள், விடுபட்டவர்களுக்குப் போதிய கடன் கிடைக்கும்படி கிராம பாங்குகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் இணைத்து நடத்துவதும் ஒன்று. பிரசவத்துக்கும் வைத்தியத்துக்கும் வேண்டிய சிறு தொகை சங்கத்தில் காலத்தில் கிடைத்தால், பட்டறைக்காரன் வாசலுக்குப் போக வேண்டியதில்லை. கடன் மனுவைப் பரிசீலிக்கும் பஞ்சாயத்தார், மனுதாரனுக்கு வெளியில் எங்கே பாக்கி என்பதோடு, அவன் பிள்ளைகள் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் கேட்டறிதல் தகும்.

அடகில் உள்ள பிள்ளையை அறிந்தவர் கலெக்டருக்கோ கோட்ட அதிகாரிக்கோ எழுதலாம். 1098 என்ற தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம். மீண்டு வந்த பிள்ளை பள்ளிக்குப் பிந்திவிட்டானே என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை அவன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். வயதுச் சான்று இல்லையென்று தலைமையாசிரியர் திருப்பி அனுப்பலாகாது.